தூண்டிலை நிறுத்திவிட்டோம், மீன் பிழைத்ததா?

சிவனசமுத்திரத்தில் அருவியாக விழும் காவிரி, ஒகேனக்கல் வந்து சேரும்வரை பெரும்பாலும் காட்டுக்குள்ளேயே ஓடுகிறது. பாறையும் மடுவும் வேக நீரும் மாறி மாறி வரும் இந்த வழியில் தொட்டமாக்கலி, பீமேஸ்வரி, காலிபோரே என மூன்று தூண்டில் முகாம்கள் இருந்தன. நடத்தியது கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம். ஐரோப்பாவிலிருந்துகூட ஆட்கள் வந்து, பரிசலில் அமர்ந்து, கேழ்வரகு மாவு உருண்டையை முள்ளில் கோத்து, மகசீர் மீனுக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்துவிட்டு, ஆற்றிலேயே திருப்பி விட்டார்கள். சரணாலயத்துக்குள் தூண்டிலிடுவதும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான் என்ற விளக்கம் வந்தபின், 2012-உடன் அங்கே தூண்டில் நின்றது.

அன்று தொடங்கிய வழக்காடல் இன்னும் ஓயவில்லை. “நாங்கள் இருந்தவரை ஆற்றில் வெடி போட ஆள் வரவில்லை, எங்களை விரட்டினீர்கள், மீனும் போயிற்று” என்கிறார்கள் தூண்டில்காரர்கள். “பொழுதுபோக்குக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்திவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள்” என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இருவருமே மீனின் கதையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். காவிரியின் பெருமீனுக்கு என்ன நேர்ந்தது என்பதை முழுதாகப் பார்த்தால், தூண்டிலுக்கு இனி என்ன இடம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு விடை அதிலேயே கிடைக்கிறது: ஆற்றின் சொந்த மீனுக்கு வேலை செய்கிற தூண்டிலுக்கு மட்டுமே எதிர்காலம் உண்டு.

பெருமீனின் பெருமை

காவிரியின் கூன்முதுகு மகசீர், உலகில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத மீன். தலைக்குப் பின்னால் எழும்பிய திமில், பொன்னும் செம்மஞ்சளும் கலந்த நிறம், உள்ளங்கை அகலச் செதில்கள் என்று ஒருமுறை பார்த்தவர் மறக்காத உருவம். 1873-இல் மங்களூரில் வெளியான ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலில், சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ்.தாமஸ் மகசீரைப் பிடிப்பதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த நூல் ஆங்கிலேய அதிகாரிகளின் கையேடாகவே ஆனது. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில், மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு மீனைப் பிடித்தார். ஏறத்தாழ 54 கிலோ. தூண்டில் உலகில் இன்றும் பேசப்படும் எடை அது.

சுதந்திரத்துக்குப் பின் கொஞ்ச காலம் இந்த மீனைப் பற்றிய பேச்சு அடங்கிக் கிடந்தது. 1970-களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு குழு காவிரியில் பெரிய மகசீர்களைப் பிடித்துக் காட்ட, உலகத் தூண்டில்காரர்களின் கண் மறுபடியும் இந்த ஆற்றின்மீது விழுந்தது. பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்தியக் காட்டுயிர்ச் சங்கமும், பின்னர் அரசின் முகாம்களும் ஆற்றின் சில பகுதிகளைக் குத்தகைக்கோ பொறுப்பிலோ எடுத்துக் காவல் போட்டன. வெடியும் வலையுமாகத் திரிந்த உள்ளூர்க்காரர்கள் சிலரே அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். ஆற்றின் ஒவ்வொரு மடுவையும் தெரிந்தவர்களை ஆற்றைக் காக்க நிறுத்தியது நல்ல யோசனைதான். செத்த மீனைவிட உயிருள்ள மீன் அதிகச் சம்பாத்தியம் தரும் என்பதை ஒரு காட்டோரச் சமூகம் நேரில் கண்டது.

பதிவேடு சொன்ன இரண்டு கதைகள்

அந்த முகாம்களில் நடந்த மிகப் பயனுள்ள வேலை மீன் பிடித்தது அல்ல, எழுதி வைத்தது. யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டார், என்ன கிடைத்தது, என்ன எடை என்று காலிபோரே முகாமில் குறித்து வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் எடுத்து அலசினார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மகசீர்கள். மிகச் சிறியது அரைக் கிலோவுக்கும் கீழே; மிகப் பெரியது 46.8 கிலோ.

இந்திய ஆறு ஒன்றில் ஒரு மீனைப் பற்றி இவ்வளவு நீண்ட, தொடர்ச்சியான பதிவு அபூர்வம். எந்த அரசுத் துறையும் இதைச் செய்யவில்லை. பொழுதுபோக்க வந்தவர்களின் கையெழுத்தில் இது சேர்ந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் அந்தப் பதிவேடு நல்ல சேதி சொன்னது. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடியது. சராசரி எடை குறைந்தது. சிறு மீன்கள் நிறைய வருகின்றன என்றால் இனப்பெருக்கம் நன்றாக நடக்கிறது, காவல் பலன் தந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தூண்டில்காரர்களும் அப்படித்தான் மகிழ்ந்தார்கள்.

மீனை இனம் பிரித்துப் பார்த்தபோது கதை தலைகீழானது. பெருகியது காவிரியின் கூன்முதுகு மகசீர் அல்ல; வேறொரு மகசீர். நீலத்துடுப்பு மகசீர் எனப்படும் ‘டோர் குத்ரி’. பொன்னிற மீன் ஆண்டுக்கு ஆண்டு அருகிக்கொண்டே போனது. அதிலும் பிடிபட்டவை பெரும்பாலும் வயதான, பெரிய மீன்கள். குஞ்சுகளைக் காணவில்லை. கிழவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் ஊர்போல ஒரு மீனினம் ஆற்றில் முடிந்துகொண்டிருந்தது. கூடும் எண்ணிக்கையைப் பார்த்து நாம் மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

நல்லெண்ணம் செய்த கேடு

நீலத்துடுப்பு மகசீர் காவிரிக்குத் தானாக வரவில்லை. 1970-களில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் உள்ள டாடா மின் நிறுவனத்தின் ஏரிகளை ஒட்டி, அந்த மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. அணைகளால் மகசீர் அருகிவந்த காலத்தில் அது மெச்சத்தக்க முயற்சி. முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சு வளர்த்து, நாட்டின் பல நீர்நிலைகளுக்கு அனுப்பினார்கள். காவிரிக்கும் அந்தக் குஞ்சுகள் வந்தன. மீன்வளத் துறையும் தூண்டில் சங்கங்களும் ஆவலோடு வாங்கி ஆற்றில் விட்டன. மகசீர் குறைகிறது, மகசீரை விடுகிறோம். இதில் தவறு என்ன?

காவிரியின் மகசீரும் கிருஷ்ணா படுகையின் மகசீரும் ஒன்றல்ல என்பதுதான் தவறு. புதிதாக வந்த மீன் இரையிலும் இடத்திலும் போட்டியிட்டிருக்கலாம். சொந்த மீனோடு இனம் கலந்திருக்கலாம். எந்தக் காரணம் எவ்வளவு என்று ஆய்வாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், ஒன்று ஏற, மற்றொன்று இறங்கியதைப் பதிவேடு மறைக்கவில்லை.

இதைத் தடுத்திருக்க முடியாதா? முடியாமல் போனதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. நூறாண்டுக்கும் மேலாக உலகப் புகழோடு இருந்த இந்தக் கூன்முதுகு மீனுக்கு உறுதியான அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. கேரளத்தின் சின்னாறு காட்டை ஒட்டி ஓடும் பாம்பாறு, அமராவதியில் சேர்ந்து காவிரிக்கு வரும் ஆறு. அங்கே பிடித்த மீன்களை வைத்து ‘டோர் ரெமாதேவி’ என்ற இனத்தைக் கேரள ஆய்வாளர்கள் முன்பே விவரித்திருந்தார்கள்; இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் கே.ரெமாதேவியைச் சிறப்பித்து வைத்த பெயர். அதுவும் காவிரியின் கூன்முதுகு மகசீரும் ஒன்றே என்று 2018-இல்தான் நிறுவப்பட்டது. அந்த ஆய்வுக்கு உதவிய மீன்கள் நம் மோயாற்றில் கிடைத்தவை; ஆய்வுக் குழுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அருணாசலம் மணிமேகலனும் இருந்தார். பெயர் உறுதியான அதே ஆண்டில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த இனத்தை ‘மிக அருகிய’ பட்டியலில் சேர்த்தது. அதற்கு மேல் உள்ள படி, காட்டில் அற்றுப்போதல்தான். காவிரியை நிறைத்த நீலத்துடுப்பு மகசீரோ இன்று அச்சமில்லாத இனங்களின் வரிசையில் இருக்கிறது.

அணையும் வெடியும்

வந்தேறி மீன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் நகர முடியாது. மகசீர், ஓடும் நீருக்கென்று பிறந்த மீன். மழைக்காலப் புதுவெள்ளம் வந்ததும் ஆற்றை எதிர்த்து மேலேறி, கூழாங்கல் படுகையில் முட்டையிடும். அதற்குத் தடையற்ற வழி வேண்டும், உயிர்வளி நிறைந்த தெளிந்த நீர் வேண்டும், கல்லும் சரளையும் வேண்டும்.

மூன்றையும் நாம் பறித்தோம். 1902-இல் சிவனசமுத்திரத்தில் நீர்மின் நிலையம். 1930-களில் கிருஷ்ணராஜ சாகரும் மேட்டூரும். பிறகு கபினி, ஹேமாவதி, ஹாரங்கி. தமிழகத்தின் பக்கம் பைகாரா, மோயாறு மின் நிலையங்கள், பவானிசாகர். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நியாயம் இருந்தது. பாசனமும் மின்சாரமும் நமக்கு வேண்டியவைதான். ஆனால், எந்த அணையைக் கட்டும்போதும் மீன் எப்படி மேலேறும் என்று கேட்டவர் அரிது. கேட்டவர் சொல் எடுபடவும் இல்லை. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனின் கதை நமக்கு முன்னெச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். கதவணைகளும் மேட்டூர் அணையும் வந்தபின் அதன் வருகை அற்றுப்போனது. இன்று உல்லம் வேண்டுமென்றால் கோதாவரிக்கோ வங்கத்துக்கோ போக வேண்டும்.

அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விட்டோம். அவை கங்கைச் சமவெளியின் மீன்கள். ஜிலேபி கெண்டை யாரும் விடாமலேயே எங்கும் பரவும் அளவுக்குப் பெருகியது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பண்ணைகளிலிருந்து தப்பி ஆறுகளுக்குள் வந்துவிட்டது. காவிரிக்கே உரிய கருமுழிக் கெண்டையைப் போன்ற மீன்கள் இந்தக் கூட்டத்தில் ஒதுங்கிப்போயின. உற்பத்தி எத்தனை டன் என்று கணக்கிடும் மீன்வளத் துறையின் ஏட்டில் இந்த இழப்புக்குத் தனிப் பத்தி கிடையாது.

அடுத்தது வெடி. ஒரு தோட்டாவை மடுவில் போட்டால் தின்னத் தகுந்த மீன் கொஞ்சம் மிதக்கும்; குஞ்சும் முட்டையும் இரைப்பூச்சியும் அடியிலேயே சாகும். ஆற்றில் வெடி போடுவதையும் நஞ்சு கலப்பதையும் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-லேயே வந்துவிட்டது. அதன் மூல வடிவில் அதிகபட்சத் தண்டனை இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். எச்.எஸ்.தாமஸ் காலத்து ரூபாய்க்கு அது பெருந்தொகை. 2025-இல் 200 ரூபாய்க்கு ஒரு கிலோ ஆற்று மீன் கிடைப்பதே கடினம்.

தூண்டில்காரர்களின் முக்கியமான வாதத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். முகாம் இருந்தால் ஆற்றோரம் இரவும் பகலும் ஆள் இருக்கும். ஆள் இருந்தால் வெடி போடுபவன் வரமாட்டான். ஹாசன் மாவட்டத்து ராமநாதபுரத்தில், காவிரிக் கரையில் கோயிலை ஒட்டிய நீரில் மக்கள் மகசீர்களுக்கு இரை போடுகிறார்கள். அங்கே யாரும் வலை வீசுவதில்லை. கண் இருக்கும் இடத்தில் மீன் பிழைக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆக, காவல் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் காவலுக்குத் தூண்டில்தான் விலையா என்பதே கேள்வி.

முள் குத்துவது சின்ன விஷயமா?

பிடித்துவிடும் தூண்டிலால் மீனுக்குக் கேடே இல்லை என்று சொல்வது உண்மையல்ல. முள்ளில் மாட்டிய பெரிய மீன் நெடுநேரம் போராடும்; தசையில் களைப்பு ஏறும். படம் எடுப்பதற்காக அதைக் காற்றில் தூக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு நொடியும் அதற்கு மூச்சு முட்டும் நேரம். நீர் வெதுவெதுப்பாக இருக்கும் கோடையில் இந்தப் பாதிப்பு இன்னும் கூடும். நேராக நீந்திப் போய்விட்டதாலேயே மீன் பிழைத்துவிட்டது என்று கொள்ள முடியாது. மாறாக, முறையாகக் கையாண்டால் பெரும்பாலான மீன்கள் தப்பிவிடுகின்றன என்பதும் உண்மை. ஆயிரக்கணக்கில் இருக்கும் இனத்துக்கு இந்த இழப்பு பெரிதல்ல. விரல்விட்டு எண்ணும் அளவுக்கு முட்டையிடும் தாய் மீன்கள் மிஞ்சிய இனத்துக்கு ஒரு மீனின் சாவும் பெரிது.

தூண்டில்காரரின் கட்டுப்பாடு மட்டும் மீனைக் காப்பாற்றிவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பிரிட்டனைப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜூன் 16-க்கு முன்பு பிடிபடும் சால்மன் மீன்களை விட்டுவிட வேண்டும் என்ற விதி 1999-லிருந்து இருக்கிறது. இன்று அங்கும் ஸ்காட்லாந்திலும் பிடிபடும் பத்து சால்மன்களில் ஒன்பதுக்கு மேல் மறுபடியும் ஆற்றுக்கே போகின்றன. இருந்தும் 2023-இல் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை ‘அருகிவரும்’ இனமாக அறிவிக்க வேண்டி வந்தது. ஆறும் கடலும் சூடாவதையும், கழிவுநீர் கலப்பதையும், தடுப்பணைகளையும் தூண்டில்காரரின் நற்குணத்தால் ஈடுசெய்ய முடியாது. உலகம் முழுவதும் கண்காணிக்கப்படும் நன்னீர் வலசை மீன்களின் எண்ணிக்கை 1970-க்கும் 2020-க்கும் இடையில் சராசரியாக 81 சதவீதம் சரிந்திருக்கிறது. தூண்டில் ஒரு பொருட்டே இல்லாத ஆறுகளும் அந்தக் கணக்கில் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த முகாம்களுக்கு வந்தவர்கள் வசதியானவர்கள். ஒரு நாளைக்கு அவர்கள் கொடுத்த தொகை, கரையோர மீனவர் ஒருவரின் பல வாரச் சம்பாத்தியம். சரணாலயம் என்று சொல்லி மீனவரின் வலையைத் தடுத்துவிட்டு, அதே நீரில் விருந்தினரின் தூண்டிலை வரவேற்றால் மீனவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? வழிகாட்டி வேலை சிலருக்குக் கிடைத்தது. ஆற்றின் வருமானத்தில் ஊருக்குப் பங்கு இருந்ததா என்றால் இல்லை. தூண்டிலுக்கு ஆதரவாக எழுதப்படுபவற்றில் இந்தக் கேள்வி பெரும்பாலும் வருவதில்லை.

தடை மட்டும் போதுமா?

அப்படியானால் தடை சரிதானே என்று முடித்துவிடலாமா? முடியாது. சரணாலயத்துக்குள் ஜீப்பில் போய்ப் புலி பார்க்க அனுமதிக்கும் சட்டம், தூண்டிலை நிறுத்தியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டது. வெடி போடுபவன் தூண்டில் உரிமம் கேட்டு வந்தவன் அல்ல. தடை அவனைத் தொடவில்லை. அணை தன் போக்கில் நீரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. தூண்டில் நின்றபோது பதிவேடும் நின்றது. மீன் கூடியதா குறைந்ததா என்று சொல்ல 2012-க்குப் பின் அதே முறையில் எடுத்த தொடர்ச்சியான கணக்கு இல்லாமல் போனது. நோயாளியைத் தொந்தரவு செய்யாதே என்று மருத்துவரையும் வெளியே அனுப்பிவிட்டோம்.

இதை வைத்து, இனி தூண்டிலை எப்படி அனுமதிப்பது என்று யோசிக்கலாம்.

முதலாவது, கூன்முதுகு மகசீர் இன்னும் வாழும் மோயாற்றுப் பகுதியிலும் காவிரியின் காட்டுப் பகுதியிலும் பொழுதுபோக்குத் தூண்டில் வேண்டாம். ஆய்வாளர்களின் மேற்பார்வையில், அடையாளமிட்டு எண்ணுவதற்காக மட்டும் தேர்ந்த தூண்டில்காரர்களைப் பயன்படுத்தலாம். அவர்களிடம் இருக்கும் திறமை வேறு யாரிடமும் இல்லை. அதை வீணாக்குவது நமக்குத்தான் நட்டம்.

இரண்டாவது, வந்தேறி நீலத்துடுப்பு மகசீர் நிறைந்துவிட்ட பகுதிகளில் தூண்டிலைத் தாராளமாக அனுமதிக்கலாம். ஒரு நிபந்தனையோடு: அங்கே பிடித்த மீனைத் திருப்பி விடக் கூடாது. தூண்டில் உலகில் மீனை விடுவிப்பது பெரிய தர்மமாகக் கருதப்படுகிறது. காவிரியில் இந்த ஒரு மீனுக்கு அந்தத் தர்மம் பொருந்தாது. இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி உடன் இருக்க வேண்டும். பிடித்ததை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கம் விற்றுக்கொள்ளலாம். தூண்டில்காரர்களில் பலருக்கு இது கசக்கும். நீண்ட நாள் பழக்கத்தை மாற்றுவது கடினம்தான். ஆனால், சொந்த மீனுக்காக வந்தேன் என்று சொல்பவர் அதைச் செய்துகாட்ட இதுவே இடம்.

மூன்றாவது, காவிரிப் படுகையில் வேற்று மகசீர்க் குஞ்சுகளை விடுவதை இரு மாநில மீன்வளத் துறைகளும் முற்றாக நிறுத்த வேண்டும். குஞ்சு விட்டே ஆக வேண்டுமென்றால், மரபணுச் சோதனையில் தேறிய சொந்தத் தாய்மீனின் குஞ்சுகளாக இருக்க வேண்டும். எத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்று விழா எடுப்பதைவிட, எந்த இனக் குஞ்சு என்று எழுதிவைப்பது முக்கியம்.

நான்காவது, தூண்டில்காரர் கொடுக்கும் பணம் ஆற்றுக்கே போக வேண்டும். அமெரிக்காவில் 1950-இல் வந்த ஒரு சட்டம், தூண்டில் கருவிகள்மீது வசூலிக்கும் வரியை விளையாட்டு மீன்களின் மீட்புக்கென்றே ஒதுக்கியது. நம் ஊரிலும் தூண்டில் பொழுதுபோக்கு வளர்கிறது. விரால் பிடிக்கும் காணொளிகளை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். ரீலும் செயற்கை இரையும் சிறு நகரக் கடைகளிலும் இணையத்திலும் விற்கின்றன. இந்த இளைஞர்கள் பீமேஸ்வரிக்கு வந்த சீமான்கள் அல்லர். ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் சாதாரண மக்கள். சிறு கட்டணத்தில் ஓர் உரிமமும், பிடித்த மீனைக் குறித்து அனுப்ப ஒரு கைபேசிச் செயலியும் கொடுத்தால், அரசுக்கு எங்கும் கிடைக்காத மீன் கணக்கு கிடைக்கும். வசூலில் ஒரு பங்கு ஆற்று மீனவர்களுக்குக் காவல் கூலியாகப் போகட்டும்.

பங்கு கேட்காத பயனாளி

இவை எல்லாம் செய்தாலும் ஆற்றில் நீர் இல்லையென்றால் பயனில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டிஎம்சி நீரைப் பிரித்தபோது, 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கியது. மாநிலப் பங்குகளை மாற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் இந்தப் பத்தைத் தொடவில்லை. நம் ஊர்த் தொலைக்காட்சி விவாதங்களில் 177.25 டிஎம்சி தெரியாதவர் இல்லை. இந்த 10 டிஎம்சியைப் பற்றிப் பேசியவரைக் கண்டதில்லை. மொத்தத்தில் ஒன்றரைச் சதவீதத்துக்கும் குறைவான இந்த நீர் எந்த மாதம், எந்த அணையிலிருந்து, என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதை மீனின் முட்டையிடும் காலத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். மோயாற்றிலும் அப்படியே. மின் தேவைக்கு ஏற்ப நீரைத் திடீரெனத் திறந்து திடீரென மூடினால், சரளையில் ஒட்டிய முட்டை காய்ந்துபோகும். மின் வாரியமும் வனத் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்து சரிசெய்யக்கூடிய சிக்கல் இது.

மேகேதாட்டு அணைக்கும் இதே அளவுகோல்தான். 67 டிஎம்சி கொள்ளளவு கொண்ட அந்த நீர்த்தேக்கம் வந்தால், கூன்முதுகு மகசீர் வாழ்ந்த ஓடும் ஆற்றின் பெரும்பகுதி தேங்கிய நீராகிவிடும். தமிழகம் அதை எதிர்ப்பது நீர்ப் பங்கீட்டுக்காக. மீனுக்காகவும் எதிர்க்க நமக்கு நியாயம் உண்டு. ஆனால், அந்த நியாயத்தைப் பேசும் மாநிலம் தன் பக்கத்து மோயாற்றையும் பவானியையும் அதே கவனத்தோடு பார்த்திருக்க வேண்டும். அதிகம் பேசப்படாத நான்கு உயிரினங்களின் பாதுகாப்புக்கென்று 2025-இல் தமிழக அரசு அறிவித்த 1 கோடி ரூபாய்த் திட்டத்தில் கூன்முதுகு மகசீரும் இடம்பெற்றது நல்ல தொடக்கம். தொகை சிறியது, ஆனால், ஒரு மீனை வனவிலங்காகப் பார்க்கும் பார்வை புதியது.

இதைச் செயலாக்க நில அமைப்பும் கைகொடுக்கிறது. கர்நாடகம் 1987-இல் காவிரி காட்டுயிர்ச் சரணாலயத்தை அறிவித்தது. அதை ஒட்டித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழகம் 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு எனச் சரணாலயங்களை அமைத்தது. ஆக, பெருமீன் வாழ்ந்த அந்தக் காட்டு ஆற்றின் இரு பக்கமும் இன்று பெரும்பாலும் இரண்டு வனத் துறைகளின் கையில் இருக்கிறது. எல்லைப் பிரச்சினையும் நீர்ப் பிரச்சினையும் நீதிமன்றங்களில் இருக்கட்டும். மீனை எண்ண நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. ஒரு மாநிலம் மற்றதற்கு ஒரு டிஎம்சிகூட விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அடுத்த கோடையில் நீர் வற்றி மடுக்கள் தெளியும் நேரத்தில், இரு மாநில வனத் துறையினரும், மீனவர்களும், ஆய்வாளர்களும், பத்தாண்டுக்கு மேலாக வெளியே நிற்கும் தூண்டில்காரர்களும் சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கெடுப்பை நடத்தட்டும். எத்தனை தாய்மீன்கள் மிஞ்சியிருக்கின்றன என்று தெரிந்தபின், யாருக்கு உரிமம், எங்கே தடை என்று முடிவுசெய்யலாம். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தூண்டிலை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் கரையில் நின்று போடும் சண்டை மட்டுமே.